காசியில் கேட்ட 'கம்ரா': கேமராவுக்கும் இதற்கும் உறவு உண்டா?

வடக்கே போனவன் (திரியைத் தொடங்கியவர்)

நண்பர்களே, போன மாதம் அம்மா அப்பாவைக் காசிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதுமே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "கம்ரா, கம்ரா, கம்ரா சாஹியே?" என்று விடாமல் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் பழைய படங்களில் வில்லன் பேசுகிற அளவுதான். கோயிலுக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்களா, அதைத்தான் எச்சரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "கேமரா நஹி, மொபைல் ஹை" என்று செல்போனைத் தூக்கிக் காட்டினேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த குடும்பத்தைப் பிடிக்கப் போய்விட்டார். அப்பாதான் சிரித்துக்கொண்டே, "ரூம் வேணுமான்னு கேக்குறாங்கடா" என்றார். அவர் நாக்பூரில் வேலை பார்த்தவர்.

அறைக்கு இந்தியில் கம்ரா, படம் எடுக்கிற பெட்டிக்குக் கேமரா. இரண்டும் இவ்வளவு கிட்டத்தில் ஒலிப்பது தற்செயலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகராதிப்பித்தன்

தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே சொல்தான், வந்த வழிதான் வேறு.

லத்தீனில் 'கமெரா' என்றால் முதலில் வளைந்த கூரை. வில்வளைவாகக் கட்டிய மேல்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதைக் கிரேக்கத்தின் 'கமாரா'விலிருந்து எடுத்தார்கள். வளைந்த கூரைக்கு வைத்த பெயர் அந்தக் கூரை போட்ட அறைக்கு ஆனது. கூரை தட்டையாகிப் போன பிறகும் பெயர் அறையோடு நின்றுவிட்டது. போர்த்துகீசியர்கள் நம் கரைகளுக்கு வந்தபோது அவர்கள் வாயில் அது 'காமரா'. அதுதான் இந்தி, உருதுவில் கம்ரா. வங்காளத்தில் காம்ரா என்றால் அறையும் உண்டு, ரயில் பெட்டியும் உண்டு.

இன்னொரு வழி, கண்ணாடி தேய்க்கிறவர்களும் வானம் பார்க்கிறவர்களும் போட்ட வழி. ஓர் அறையை முழுக்க இருட்டாக்கி, சுவரில் சின்னத் துளை மட்டும் விட்டால், வெளியே இருப்பது எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இது மிகப் பழைய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அதற்கு 'கமெரா அப்ஸ்கூரா', அதாவது இருட்டறை, என்ற பெயரை 1604-இல் எழுதிய நூலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர். பிற்பாடு அவரே ஒரு சின்னக் கூடாரத்தை இருட்டறையாக்கி, வயல்வெளியில் வைத்து, உள்ளே உட்கார்ந்து நிலக்காட்சி வரைந்திருக்கிறார். அறை கூடாரமானது, கூடாரம் பெட்டியானது. 1839-இல் பிரெஞ்சுக்காரர் டகேரின் புகைப்பட முறை வெளியாகி அந்தப் பெட்டிக்குள் படம் தானாகப் பதிய ஆரம்பித்ததும், 'இருட்டு' என்ற பாதி உதிர்ந்து 'அறை' மட்டும் மிஞ்சியது.

ஆகவே நீங்கள் அந்த ஆளிடம் காட்டியது உண்மையில் ஒரு கம்ராதான். படுக்கத்தான் முடியாது.

ஹைப்போ

தொழில்காரன் ஒருவன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் 1979-லிருந்து ஸ்டூடியோ வைத்திருந்தேன். படம் எடுத்தது கேமராவில், கழுவியது டார்க் ரூமில். சிவப்பு பல்பு, மூன்று தட்டு, டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. என் வாழ்க்கையில் பாதி அந்த இருட்டுக்குள்ளேதான் போனது. இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது, கேமரா என்றாலே இருட்டறைதான் என்று. அப்படியானால் சின்ன இருட்டறையில் எடுத்ததைப் பெரிய இருட்டறையில் கழுவியிருக்கிறேன்.

கடைப் பலகையில் 'காமிரா' என்று எழுதியிருந்தோம். அப்போது பத்திரிகைகளிலும் அப்படித்தான் போடுவார்கள். கேமரா என்பது பிற்பாடு வந்தது.

பலெர்மோ தம்பி

நான் யாழ்ப்பாணம், இப்போது இத்தாலியில் பலெர்மோ. இங்கே எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் எழுத்தில் அது 'கமரா'. இத்தாலியர்களுக்கோ கமெரா என்றால் இன்றைக்கும் அறைதான். வந்த புதிதில் வீட்டு வாசல்களில் 'கமெரே' என்று பலகை தொங்குவதைப் பார்த்து, இந்த ஊரில் இத்தனை கமராக் கடையா என்று நினைத்தேன். அறை வாடகைக்கு உண்டு என்று அர்த்தம்!

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. ஓர் உணவகத்து வாசலில் 'கமெரியேரே தேவை' என்று ஒட்டியிருந்தது. கலியாண வீடுகளில் படம் எடுத்த பழக்கம் இருந்ததால், கமராக்காரன் தேவை என்று விளங்கிக்கொண்டு, உள்ளே போய், எனக்குப் படம் பிடிக்கத் தெரியும் என்று கையால் காட்டினேன். முதலாளி தட்டு ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். கமெரியேரே என்றால் பரிமாறுகிறவர். ஆதியில் அறையில் நின்று எசமானுக்கு வேலை செய்தவனாம். ஸ்பானிய மொழியிலும் 'கமரேரோ' அதே வேலைதான். மூன்று வருடம் அந்த வேலையே செய்தேன்.

படம் எடுக்கிற கருவிக்கு இங்கே 'மாக்கினா போட்டோகிராபிக்கா'. நாடாளுமன்றத்தின் கீழவைக்குக் 'கமெரா'.

குமாஸ்தா

இந்தத் திரியைப் படித்ததும் ஒரு பழைய ஞாபகம் வந்தது. தென்மாவட்ட கோர்ட் ஒன்றில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான்.

விவாகரத்துக் கேஸ் ஒன்று. இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவுப்படி இந்த மாதிரி வழக்கெல்லாம் 'இன் கேமரா'தான் நடக்க வேண்டும். வக்கீல் கட்சிக்காரரிடம் போனில், "நாளைக்கு இன் கேமராப்பா, கரெக்டா வந்துடு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் மனுஷன் தலைக்குச் சாயம் அடித்து, புது வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி வந்து நிற்கிறார். கூடவே அவர் அக்கா, மாமா, சித்தப்பா என்று ஒரு வேன் நிறைய சனம். "நம்ம பக்கத்து நியாயம் வீடியோவுல ரெக்கார்டு ஆகணும், அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்" என்றார். கடைசியில் அவரைத் தவிர ஒருவரையும் உள்ளே விடவில்லை. வேனில் வந்த சித்தப்பா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

சிரிக்கலாம், ஆனால் தப்பு அவர் பேரில் இல்லை. லத்தீனில் 'அறைக்குள்' என்று அர்த்தப்படும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் கேமரா என்ற பெயரில் ஒரு கருவியும் ஊரெங்கும் பரவிவிட்டால், ஜனங்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 'கேமரா முன்னிலையில் விசாரணை' என்று எழுதிய செய்தியை நானே படித்திருக்கிறேன். எழுதியதற்கு நேர் எதிரானதுதான் நடந்திருக்கும். பாலியல் வன்முறை வழக்குகளிலும், 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டத்து வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. அதில் போய் இந்தக் குழப்பம்.

வடக்கே போனவன்

குமாஸ்தா சார், அந்த சித்தப்பா இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சண்டைக்கு வந்திருப்பேன். இத்தனை நாள் நானும் வீடியோ பதிவு என்றுதான் நினைத்திருந்தேன்!

நிலாக்காதலன்

எல்லோரும் லத்தீன் லத்தீன் என்கிறீர்கள். இது அரபுச் சொல் என்பது உங்களுக்குத் தெரியாதா? இருட்டறையை ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம். அரபியில் 'கம்ரா' என்றால் இருட்டு அறை. 'கமர்' என்றால் நிலா. ஐரோப்பியர்கள் அவர் நூலைப் படித்துவிட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வாட்ஸப்பில் ஒரு பேராசிரியர் விளக்கியிருக்கிறார்.

அகராதிப்பித்தன்

வாட்ஸப் பேராசிரியருக்கு வணக்கம்.

இதில் பாதி உண்மை, அதனால்தான் இந்தச் செய்திக்குச் சாவே இல்லை. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கெப்ளருக்கு ஏறத்தாழ 600 வருஷம் முன்னால், துளை வழியே வரும் வெளிச்சத்தை முறைப்படி ஆராய்ந்தவர். சூரிய கிரகணத்தின்போது சின்னத் துளை வழியாக விழும் வெளிச்சம் பிறை வடிவில் இருப்பதை எழுதி, அது ஏன் என்று கணக்குப் போட்டவர். அவர் ஒளியியல் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டது, ஐரோப்பா அதைப் படித்துத்தான் வளர்ந்தது. இதில் ஒரு சொட்டுக்கூட எனக்கு மறுப்பு இல்லை.

சொல் மட்டும் அவருடையதில்லை. அவர் எழுதியது 'அல் பைத் அல் முழ்லிம்', இருண்ட வீடு. 'கமெரா' என்ற சொல்லோ சிசரோ காலத்து லத்தீனிலேயே இருக்கிறது, அதாவது இப்னுல் ஹைதம் பிறக்க ஓராயிரம் ஆண்டுக்கு முன்னால். அரபியில் கப்பல் அறைக்கும் விமானி அறைக்கும் 'கம்ரா' என்கிறார்கள் அல்லவா, அது ஐரோப்பாவிலிருந்து அங்கே போனது. துருக்கியிலும் கப்பல் அறை 'கமரா', கப்பலில் அறை கவனிக்கும் பணியாள் 'கமரோத்'. கடல்காரர்கள் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டது. நிலாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

செந்தமிழ்ச்செல்வன்

அரபும் இல்லை, லத்தீனும் இல்லை ஐயா. தமிழில் 'கமர்' என்றால் நிலப்பிளவு, வெடிப்பு. அரிவாட்டாய நாயனார் சிந்திய செங்கீரையும் மாவடுவும் விழுந்தது கமரில்தானே? பிளவு வழியே ஒளி புகுந்து படமாகிறது. கமர் > கமரா > கேமரா. இதைவிடத் தெளிவாக வேண்டுமா?

அகராதிப்பித்தன்

ஐயா, கமர் அருமையான சொல். வறண்ட வயலில் கால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கேமரா என்ற சொல்லில் துளைக்கு இடமே இல்லை, அறைக்குத்தான் இடம். துளை வந்து ஒட்டியது இந்தச் சொல் தோன்றிப் பல நூறு வருஷம் கழித்து. கிரேக்கத்தில் இன்றும் 'கமாரா' என்றால் வில்வளைவு. தெசலோனிகி நகரத்தில் கலேரியஸ் மன்னனின் பழைய வளைவு ஒன்று நிற்கிறது, ஊர்க்காரர்கள் அதைக் 'கமாரா' என்றே சொல்கிறார்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி 'காமரா' என்றால் அதே கிரேக்கத்தில் அறை. அது இத்தாலிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பிள்ளை.

நிலாக்காதலன்

சரி, நிலாவை விட்டுவிடுகிறேன். அப்போது கேமரூன் நாடு?

அகராதிப்பித்தன்

அது இறால். அங்கே ஓர் ஆற்றில் இறாலைக் கண்டு போர்த்துகீசியர்கள் 'இறால் ஆறு' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் இறால் 'கமரோன்' மாதிரி ஒலிக்கும். அதன் லத்தீன் வேரே வேறு.

மட்டுறுத்துநர்

சொல்லாராய்ச்சி சண்டையாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிவப்புத் துண்டு

நான் சாயப்பட்டறை வேலை, படிப்பு குறைவு, ஆனாலும் ஒரு சந்தேகம். சங்கத்தில் ஒருவரையொருவர் காம்ரேட் என்று கூப்பிடுகிறோமே, அதுவும் இந்த வகையறாவா? ஒலி அப்படித்தான் இருக்கிறது.

அகராதிப்பித்தன்

தோழர், சரியாகப் பிடித்துவிட்டீர்கள்! ஸ்பானிய மொழியில் 'கமராதா' என்றால் ஒரே அறையில் சேர்ந்து படுக்கும் படைவீரர்கள். முதலில் அந்தக் கூட்டத்துக்கே அந்தப் பெயர், பிறகு அதில் ஒருவனுக்கு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் காம்ரேட் ஆனது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ரூம்மேட்.

பலெர்மோ தம்பி

ஒரு எச்சரிக்கை. இத்தாலிக்கு வந்து இடதுசாரி ஆள் ஒருவரைப் பார்த்துக் 'கமெராத்தா' என்று மட்டும் அன்பாகக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லை முசோலினியின் ஆட்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அந்தப் பக்கத்து வாடைதான் அதற்கு. இங்கத்தைய கம்யூனிஸ்டுகள் சொல்வது 'கொம்பான்யோ'. அதற்கு ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்று பொருள். நம்மிடம் உள்ள 'கம்பெனி' அதே வேரில் பிறந்ததுதான் என்று சொன்னால் காம்ரேட்டுகள் வருத்தப்படுவார்களோ தெரியாது.

சிவப்புத் துண்டு

வருத்தமெல்லாம் இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து, ஒரே குண்டான் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டவன்தான் நான். இரண்டு சொல்லுமே பொருந்தும். கம்பெனிக்காரன்தான் பிரித்துத் தரவில்லை.

மூன்றாம் வருடம்

நான் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறேன். இங்கே 'கமேரா' பண்ணுகிற அட்டகாசம் தனி. ரயில்வே ஸ்டேஷனில் 'கமேரா ஹ்ரநேனியா' என்று போட்டிருக்கும். பெட்டி படுக்கையைக் காசு கட்டி வைத்துவிட்டுப் போகிற இடம். ஜெயிலில் கைதியை அடைக்கும் அறையும் கமேரா. டயருக்குள் இருக்கும் டியூப்பும் கமேரா. சைக்கிள் பஞ்சரான அன்று ஹாஸ்டல் நண்பன், "கமேரா வாங்கணும்" என்றான். இந்தச் சமயத்தில் இவனுக்கு எதற்குப் போட்டோ ஆசை என்று விழித்தேன்.

ஆனால் சாதாரணமாகக் குடியிருக்கும் அறைக்கு அவர்கள் கமேரா என்று சொல்வதில்லை. அதற்குக் 'கோம்நதா'. அதுவும் இதே குடும்பமா, அண்ணா?

அகராதிப்பித்தன்

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. இது எனக்குப் பிடித்த கதை.

பிற்கால லத்தீனில் 'கமெரா கமினாத்தா' என்று ஒன்று உண்டு: கணப்பு அடுப்பு வைத்த அறை. குளிர்தேசத்தில் அது இருந்தால்தான் அறை. நாளாவட்டத்தில் 'கமெரா'வை விட்டுவிட்டுக் 'கமினாத்தா' மட்டும் சொல்ல ஆரம்பித்தார்கள், நாம் 'டிகிரி காபி' கேட்க 'ஒரு டிகிரி' என்று சொல்கிற மாதிரி. அந்தக் 'கமினாத்தா' ஜெர்மன், போலந்து வழியாக ரஷ்யா போய்ச் சேர்ந்தபோது அடுப்பு அணைந்துவிட்டது, அறை மட்டும் போனது. அதுதான் உங்கள் கோம்நதா. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போனபோது அறை இடிந்துவிட்டது, அடுப்பும் அதன் புகைபோக்கியும் மட்டும் போயின. அது 'சிம்னி'. நம் வீட்டில் கரண்ட் போனால் ஏற்றி வைத்த சிம்னி விளக்கு வரை வந்தது.

அதாவது கோம்நதா என்பதில் 'கமெரா' என்ற சொல்லே இல்லை, அதை வருணித்த அடைமொழிதான் மிச்சம். ஆனால் பொருள் முழுக்கக் கமெராவின் பொருள்.

வாசல்தெளிச்சா

எனக்கு ரஷ்யா, ரோமெல்லாம் தெரியாது. தாம்பரத்துக்குத் தெற்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மேஸ்திரி ஒருநாள், "முன்னாடி ரெண்டு சேம்பர், பின்னாடி ஒரு சேம்பர் வரும்மா" என்றார். வீட்டுக்காரரிடம் போன் பண்ணி, பிளானில் இல்லாத மூன்று ரூம் எப்படி வந்தது, பணத்துக்கு எங்கே போவது என்று கத்திவிட்டேன். கடைசியில் பார்த்தால் சாக்கடைக் குழாய்கள் சேருகிற இடத்தில் மூடி போட்டுக் கட்டுகிற தொட்டி! அதுவும் உங்கள் கேமரா உறவுதானா?

அகராதிப்பித்தன்

சகோதரி, சாட்சாத் அதேதான். லத்தீன் 'க' பல சொற்களில் பிரெஞ்சில் 'ஷ' ஆகிவிடும். கமெரா அங்கே 'ஷாம்ப்ர்' ஆனது, ஆங்கிலத்தில் சேம்பர். மேஸ்திரி சாக்கடைத் தொட்டியைச் சொல்கிறார், குமாஸ்தா நீதிபதி அறையைச் சொல்வார். செங்கல் வாங்கியிருப்பீர்களே, நாட்டுச் செங்கல்லா சேம்பர் செங்கல்லா என்று கேட்டிருப்பார்களே? அறை அறையாகப் பிரித்த சூளையில் சுட்டது சேம்பர் செங்கல். அப்புறம் சென்னை பிலிம் சேம்பர். கேமராவையே நம்பிப் பிழைக்கிற தொழிலுக்கு அமைப்பின் பெயரிலும் இன்னொரு கேமரா.

குமாஸ்தா

எங்கள் கோர்ட்டில் இரண்டு சேம்பருமே உண்டு. மழைக்காலத்தில் பின்பக்கத்துச் சேம்பர் பொங்கினால் முன்பக்கத்துச் சேம்பரில் ஐயா உட்கார முடியாது.

ஈப்போக்காரன்

மலேசியாவிலிருந்து ஒரு வரி. இங்கே அறைக்கு 'பிலிக்' என்போம். கடல் தாண்டி இந்தோனேசியா போனால் 'காமர்', டச்சுக்காரன் விட்டுப்போனது. மேடானில் ஒரு கடையில் கழிவறை எங்கே என்று கேட்டேன், 'காமர் கெச்சில்' என்று கை காட்டினார்கள். சின்ன அறை! அங்கே போய் எவனும் படம் எடுக்க மாட்டான்.

மூன்றாம் வருடம்

என் வகுப்பில் போலந்து தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவர்கள் மொழியில் 'கொமோரா' என்றால் அறை, கூடம் மாதிரி. அதைச் சுருக்கிக் 'கொமூர்கா' என்றால் சின்ன அறை. உயிரணுவுக்கும் அந்தப் பெயர்தான். செல்போனுக்கும் அதுதான்! நம் 'செல்'லும் சின்ன அறை என்ற லத்தீன் சொல்தானே, அவர்கள் அதைத் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள்.

வடக்கே போனவன்

அப்படியானால் போலந்துக்காரர் ஒருவர் செல்போனில் படம் எடுத்தால், கமெராவுக்குள் ஒரு கேமரா. நான் காசியில் காட்டியதும் அதுதான். அந்தத் தரகர் லத்தீன் படிக்காதது என் துரதிர்ஷ்டம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. போர்த்துகீசியர்கள் நம் பக்கமும்தான் இருந்தார்கள். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் அவர்கள் தந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அறைக்குள் இருக்கிற சாமானையெல்லாம் வாங்கிக்கொண்டு, அறையை மட்டும் ஏன் வாங்கவில்லை?

அகராதிப்பித்தன்

நம்மிடம் 'அறை' என்று பலமாக ஒன்று இருந்தது. கருவறை, கல்லறை, பாசறை என்று வேரோடி நின்ற சொல்லை அசைப்பது சுலபமில்லை. பிற்பாடு 'ரூம்' வந்து அசைத்துவிட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.

சிங்களம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது: ஜனேலய, மேசய, அல்மாரிய, கூடவே காமரய. கேமராவுக்கு அங்கே 'கெமராவ'. வேடிக்கை என்னவென்றால், கொடுத்த போர்த்துகீசியர்களே இன்று படுக்கை அறையைக் 'குவார்த்து' என்கிறார்கள். 'காமரா' அங்கே நகராட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் கேமராவுக்கும் போய்விட்டது. அவர்களுடைய பழைய அறை வட இந்திய லாட்ஜ்களிலும் இலங்கையிலும்தான் பத்திரமாக இருக்கிறது.

பதுளைக்காரி

அகராதி அண்ணா, தமிழ் வாங்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள். எங்களிடம் வந்து கேளுங்கள். நான் மலையகம், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எங்கள் தமிழில் 'காம்பரா' உண்டு. சிங்களத்திலும் பேச்சில் காம்பரே என்பார்கள். லயன் காம்பரா என்றால் மலையகத்தில் தெரியாத ஆள் இல்லை. வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் சின்னதாய் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். 'எத்தனை காம்பரா லயம்' என்றுதான் கேட்போமே தவிர, எத்தனை வீடு என்று கேட்க மாட்டோம்.

அதனால் எனக்கு இது 'அறை' என்ற சொல்லுக்கு மாற்று இல்லை. இப்போது எங்களுக்குத் தனி வீடு. அதில் இரண்டு அறை உண்டு. அவற்றை யாரும் காம்பரா என்று சொல்வதில்லை.

அகராதிப்பித்தன்

தங்கச்சி, மன்னிக்க வேண்டும். நான் கரையோரத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். என் குறிப்பேட்டில் திருத்திக்கொண்டேன்.

குமாஸ்தா

நடுவில் ஒரு வேலைக் கேள்வி. 'இன் கேமரா'வுக்கு நல்ல தமிழ் என்ன? 'ரகசிய விசாரணை' என்று போடுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ சதி நடக்கிற மாதிரி இருக்கிறது. இப்போது உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சாசன அமர்வு நடப்பதை 2022-லிருந்து வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். கேமராவில் காட்டுவது அது, காட்டாதது இன் கேமரா. கட்சிக்காரருக்கு இதை எப்படித்தான் சொல்வது?

செந்தமிழ்ச்செல்வன்

மூடிய அறை விசாரணை.

வாசல்தெளிச்சா

கதவைச் சாத்திவிட்டு விசாரிப்பார்கள் என்று சொல்லுங்கள் சார், போதும். வேனில் ஆள் ஏற மாட்டார்கள்.

குமாஸ்தா

'கதவடைத்த விசாரணை.' எடுத்துக்கொள்கிறேன் அம்மா. செந்தமிழ்ச்செல்வன் ஐயா சொன்னதும் அதேதான், ஆனால் கதவு என்றால் உடனே புரிகிறது.

பதுளைக்காரி

நேற்று இரவு இந்தத் திரியை எங்கள் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். காம்பராவும் போட்டோ எடுக்கிற கமராவும் ஒரே சொல்லாம் என்றேன். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. "அதுக்குள்ள எங்கடி போட்டோ புடிக்கிறது, பகல்லயே இருட்டு" என்றார். ஒரு கதவு, பேருக்கு ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிருக்குச் சாத்தியே வைத்திருப்பார்களாம்.

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். தகரக் கூரையில் ஆணி போன ஓட்டைகள் இருக்கும். காலையில் வெயில் ஏறினால் அந்த ஓட்டை வழியாகச் சுவரிலும் தரையிலும் வட்ட வட்டமாகக் காசு மாதிரி விழுமாம். பெரியவர்கள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போன பிறகு, பிள்ளைகள் அந்தக் காசைப் பிடித்து விளையாடுவார்களாம். "ஒரு நாளு கிரகணம் வந்துச்சு. காசெல்லாம் கடிச்ச ரொட்டி மாதிரி ஆயிருச்சு. நாங்க பயந்து வெளிய ஓடியாந்தோம்" என்றார். இதை இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை.

அகராதிப்பித்தன்

அப்பாயி சிறுபிள்ளையாக இருந்தபோது என்றால், 1955 ஜூன் 20-ஆம் தேதிக் கிரகணமாக இருக்க வேண்டும். முழுச் சூரிய கிரகணம், இலங்கை மீதே கடந்துபோனது. காலை நேரம்தான்.

ஹைப்போ

அம்மா பதுளைக்காரி, நான் ஸ்டூடியோக்காரன், ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆணி ஓட்டை சதுரமாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் விழுகிற வெளிச்சம் வட்டமாகத்தான் விழும். ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். சூரியனைக் கடித்த அன்று படமும் கடிபட்டிருக்கிறது. லென்ஸ் இல்லை, பிலிம் இல்லை, இருட்டு அறையும் ஒரு துளையும் மட்டும்.

அப்பாயியிடம் கேட்டுச் சொல்லுங்கள்: சுவர் வெள்ளையடித்த சுவரா, மண் சுவரா? வெள்ளைச் சுவர் என்றால் படம் நன்றாக விழுந்திருக்கும்.

பதுளைக்காரி

கேட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளையடிப்பார்களாம். மற்ற மாதமெல்லாம் அடுப்புப் புகையில் கறுப்பு.